எட்டடி நீளத்தில் ஆரணி ரோடு

"தணிகாசலம் அண்ணன் வந்து பார்க்கட்டும். பார்த்துட்டு, 'ஆமாம்மா, இது எங்க ஸ்டேஷன்தான்'னு ஒரு வார்த்தை சொல்லட்டும். முன்ரூம் உங்களுக்கு. நான் வாயே தொறக்க மாட்டேன்."

"நீயா? வாய் தொறக்க மாட்டியா?"

"ரூமைப் பத்தித் தொறக்க மாட்டேன்."

"அண்ணன் இல்லன்னு சொல்லிட்டா?"

"இந்தப் பலகை, மலை, மரம், மாட்டுவண்டி, எல்லாம் மொத்தமா பின்னால போவணும். என் மிஷின் முன்னால வரணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள."

"சரி."

"சரின்னா சரியா, இல்ல அந்த 'சரி'யா?"

"சரின்னா சரிதான், நாயகி. இட்லி வையி."

2003ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, தெய்வநாயகிக்கும் அவள் புருஷன் பலராமனுக்கும் நடந்த ஒப்பந்தம் இது. சாட்சிக்கு ஆள் இல்லை. ஆனாலும் இரண்டு பேருமே சொன்ன சொல்லை விடாதவர்கள் என்பதால் சாட்சி தேவைப்படவில்லை.

அந்த வீட்டில் தெருவைப் பார்த்து ஜன்னல் வைத்த அறை ஒன்றே ஒன்றுதான். அதுதான் முன்ரூம். தெய்வநாயகியின் தையல் மிஷின் சமையல்கட்டின் மூலையில், கிரைண்டருக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில் கிடந்தது. அங்கே உட்கார்ந்தால் கறுப்பு நூலும் கருநீல நூலும் ஒன்றுபோலத் தெரியும். ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிற பெண்கள் குக்கர் விசிலுக்குத் திடுக்கிட்டு மூச்சைப் பிடிப்பார்கள், ஜாக்கெட் இறுக்கமாகிவிடும். "உங்க வீட்டு சாம்பார்னால என் ஜாக்கெட் பத்தலைக்கா" என்று கலையரசி என்கிற டீச்சரம்மா ஒரு தடவை சொல்லியே விட்டாள்.

முன்ரூமில் வெளிச்சத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு கிடந்தது, மரக்கால்மேல் நிறுத்திய எட்டடிக்கு நாலடிப் பலகை. அதன்மேல் ஒரு ரயில்வே ஸ்டேஷன்.

ஆரணியில் பட்டு உண்டு, அரிசி உண்டு, ரயில் கிடையாது. ஊர்ப் பெயரைத் தாங்கிக்கொண்டு ஒரு ஸ்டேஷன் களம்பூரில் நிற்கிறது. ஆரணி ரோடு என்று பெயர். பெயர் நமக்கு, ரயில் களம்பூருக்கு. இது பலராமனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு மனக்குறை. அவர் ஜக்கார்டு டிசைன்காரர். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக மயிலும் தேரும் போட்டு, அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடித்துத் தறிக்காரர்களுக்குக் கொடுப்பவர். 'டிசைன் பலராமன்' என்றால்தான் தெருவில் தெரியும். ஊருக்கு ரயில் வராவிட்டால் போகட்டும், வீட்டுக்கு வரட்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறங்கிவிட்டார்.

ஞாயிறுதோறும் பஸ் ஏறிக் களம்பூர் போய், ஸ்டேஷனைக் காலடியால் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். ஒரு நாள் அங்கிருந்த போர்ட்டர் மடக்கிவிட்டார்.

"யாருய்யா நீ? கக்கூஸை எத்தினி வாட்டி அளப்பே?"

"வீட்ல ஒண்ணு கட்டறேங்க."

"கக்கூஸா?"

"ஸ்டேஷன்."

அதற்கப்புறம் அந்தப் போர்ட்டர் அவரை எதுவும் கேட்பதில்லை. கொஞ்சம் தள்ளியே நின்றுகொள்வார்.

சென்னையில் வாங்கிய இரண்டு பொம்மை ரயில் செட்டுகளிலிருந்து தண்டவாளம். பழைய செய்தித்தாளைக் கஞ்சியில் ஊற வைத்து மலை. கழிவுப் பட்டு நூலைப் பச்சைச் சாயத்தில் முக்கிக் கம்பியில் சுற்றி வேப்பமரம். தந்திக் கம்பத்துக்குக் கம்பம் ஜரிகை இழை ஓடியது. ரயில் பெட்டிகளை உபயோகம் முடிந்த ஜக்கார்டு அட்டையில் வெட்டினார். ஓட்டைகள் ஏற்கெனவே இருந்ததால் ஜன்னல் வைக்கிற வேலை மிச்சம். எல்லாவற்றுக்கும் முன்னால், நீலமும் வெண்ணெய் நிறமும் அடித்த டீசல் இஞ்சின், சீட்டில் டிரைவர் பொம்மை, பக்கவாட்டில் நம்பர். ஒரு பழைய ஃபேன் ரெகுலேட்டரைத் திருகினால் அது உறுமிக்கொண்டு கிளம்பும். காட்பாடிப் பக்கம் போய் மலைக்குப் பின்னால் மறைந்து, போளூர்ப் பக்கமாக வெளியே வரும்.

"காட்பாடிக்கும் போளூருக்கும் நடுவுல இவ்ளோதான் தூரமா? நான்தான் தெரியாம டிக்கெட் எடுத்துகினு இருக்கிறேன்" என்பாள் தெய்வநாயகி.

பக்கத்து வீட்டு ரங்கம்மாள் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "இஞ்சின்ல புகை வருமா?" என்று கேட்டாள்.

"புகை வர்றதுக்கு இது இன்னா சாம்பிராணியா? டீசல்மா, டீசல்! கரி இஞ்சின் எல்லாம் படத்துல வரும். நம்ம லைன்ல ஓடுறது எதுவோ அதைத்தான் நான் செய்வேன். உள்ளது உள்ளபடி!"

இந்த 'உள்ளது உள்ளபடி'யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துத்தான் தெய்வநாயகி தணிகாசலத்தை இழுத்தாள். தணிகாசலம் அவளுடைய பெரியப்பா மகன். பதினெட்டு வருஷமாக அதே லைனில் டீசல் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வு.

சனிக்கிழமை காலை பலராமன் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, தெய்வநாயகி துடைப்பத்தோடு முன்ரூமுக்குள் நுழைந்தாள். பெருக்குவது ஒரு சாக்கு. நாளைக்கு அண்ணன் கண்ணில் படும்படி ஏதாவது ஒரு குறை இருக்காதா என்பதுதான் எண்ணம். கூரை ஓடு சரி. குழாய் சரி. கக்கூஸ் சுவரில் பெயர்ந்த காரைகூடச் சரி. இந்த மனுஷன் எதையும் விடவில்லையே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பிறகு குனிந்து, ஸ்டேஷன் வாசலுக்கு நேராகக் கண்ணை வைத்துக்கொண்டாள். மாதம் ஒரு தடவை போளூரில் இருக்கும் அக்கா விருத்தாம்பாள் வீட்டுக்கு அவள் அந்த வாசல் வழியாகத்தான் போகிறாள். ஆட்டோவை விட்டு இறங்கியாச்சு. உள்ளே போயாச்சு. டிக்கெட் கவுண்டர் சோத்தாங்கை பக்கம்...

இல்லை. இங்கே பீச்சாங்கை பக்கம் இருந்தது.

சரி, கவுண்டரை விடு. பிளாட்பாரத்துக்கு வந்து நின்றால், காட்பாடியிலிருந்து வருகிற வண்டிக்குப் பீச்சாங்கை பக்கம் கழுத்தைத் திருப்ப வேண்டும். இங்கே சோத்தாங்கை பக்கம் திருப்பினால்தான் 'காட்பாடி' என்று எழுதிய அம்பு. கூட்ஸ் ஷெட்டும் அப்படியே. குழாய், மரம், பெஞ்சு, கேட்டு, எல்லாமே தம் தம் இடத்தில் ஒழுங்காக இருந்தன. கை மட்டும் மாறியிருந்தது. மொத்த ஸ்டேஷனும் வலது இடதாகவும் இடது வலதாகவும் உட்கார்ந்திருந்தது.

மூன்று தடவை குனிந்து பார்த்தாள். மூன்று தடவையும் அப்படித்தான்.

துடைப்பத்தை மூலையில் சாய்த்துவிட்டு, ஜன்னலோரம் மிஷினை எங்கே போடலாம் என்று கையை விரித்து அளந்தாள். அன்று மத்தியானம் வத்தக்குழம்புக்கு அப்பளமும் பொரித்தாள்.

"இன்னா விசேஷம்?" என்றார் பலராமன்.

"சும்மாத்தான். சாப்பிடுங்க. இன்னொண்ணு போடட்டா?"

ஒரு வார்த்தை மூச்சு விடக் கூடாது என்பதுதான் அவள் தீர்மானம். ஞாயிறு காலை வரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தால் போதும். அவளும் கட்டித்தான் இருந்தாள், சாயங்காலம் நாலு மணி வரைக்கும்.

நாலு மணிக்குப் பலராமன் கூப்பிட்டார். "நாயகி, ஜல்தி வா. ஒண்ணு காட்டறேன்."

பிளாட்பாரத்தில் புதிதாக ஒரு பொம்மை. குழாய் ஓட்டை அடைக்கிற எம்சீலில் உருட்டி, அரக்கு நிறப் பட்டுத் துண்டு சுற்றிய பெண் பொம்மை. கையில் பை.

"இது யாரு?"

"நீதான். அந்த அரக்குச் சேலை, பச்சை பார்டர். போளூர் போவறப்ப கட்டுவியே."

"நானா? இது ஆளா, கேஸ் சிலிண்டரா?"

"காயறப்ப எம்சீல் கொஞ்சம் ஊதிடுச்சி."

"எம்சீலா ஊதிச்சி? உங்க கண்ணு ஊதிச்சி! தணிகாசலம் அண்ணன் நாளைக்கு வந்து இதைப் பார்க்கணுமா? ஊர்ல நாலு பேரு பார்க்கணுமா?"

"வயித்துல கொஞ்சம் சீவிடறேன். நிக்கிற விதம் பாரு. காட்பாடி வண்டி வருதான்னு கழுத்தைத் திருப்பிப் பாத்துகினு நிக்கிற. அப்படியே உன்னை மாதிரி இல்ல?"

"என்னை மாதிரியா? இருபது வருஷமா நான் பீச்சாங்கை பக்கம் திரும்பித்தான் வண்டியைப் பாத்துகினு இருக்கிறேன். இவ சோத்தாங்கை பக்கம் பாக்கறா! ஸ்டேஷனையே திருப்பிப் போட்டுட்டு, என்னையும் உப்ப வெச்சி..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பிரயோஜனம், வார்த்தை போய்விட்டது.

பலராமன் பொம்மையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டேஷன் வாசலில் நிற்பவரைப் போல வலது கையை ஒரு தடவை நீட்டினார், இடது கையை ஒரு தடவை நீட்டினார்.

"ஐயய்யோ" என்றார்.

ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தார். நோட்டில் எல்லாம் சரியாக இருந்தது. அதைப் பார்த்துக் கிராஃப் தாளில் போட்ட வரைபடத்தில்தான் கை மாறியிருந்தது. பட்டுச்சேலை தறியில் ஓடும்போது நல்ல பக்கம் கீழே பார்த்திருக்கும். அதனால் சேலையில் வலப்பக்கம் பார்க்க வேண்டிய கிளியைக் கிராஃபில் இடப்பக்கம் பார்க்கப் போட வேண்டும். முப்பது வருஷமாக அதைச் செய்த கை, கிராஃப் தாளைக் கண்டதும் யாரையும் கேட்காமல் களம்பூரையும் திருப்பிவிட்டது.

"டிசைன் பலராமன் ஸ்டேஷனையும் கீழ்முகமா நெய்துட்டான்னு ஊரே சிரிக்கும், நாயகி."

தெய்வநாயகி நோட்டை வாங்கி மூடி வைத்தாள்.

"பலகையைத் திருப்பி வெச்சா? தெருப்பக்கத்தைச் செவுத்துப் பக்கமா? பிடி, பிடி, அந்த முனையைப் பிடி."

பிடித்தார்கள். மலை ஆட, மரங்கள் ஆட, பலகையை அரைச்சுற்று சுற்றி வைத்தார்கள். பலராமன் அந்தப் பக்கமாகப் போய்க் குனிந்தார்.

"இப்பவும் அப்படியேதான் இருக்குது!"

"அப்படியேதான் இருக்கும். நீங்க சோத்துத் தட்டைத் திருப்பி வெச்சா பீச்சாங்கை சோத்தாங்கை ஆயிடுமா? சேலையா இருந்தா உதறித் திருப்பிப் போடலாம். இதைத் திருப்பிப் போட்டா ஸ்டேஷன் மாஸ்டர் தலைகீழாத் தொங்குவாரு."

"அப்ப அடியிலேர்ந்து பாத்தாத்தான் சரியாத் தெரியும்."

"பாருங்களேன். அண்ணனையும் அடியில படுக்க வெச்சிக் காட்டுங்க."

அவர் நிஜமாகவே பலகைக்கு அடியில் ஊர்ந்து போய் மல்லாந்து படுத்துவிட்டார். மேலே ஒட்டுப்பலகைதான் தெரிந்தது. அங்கிருந்தே கேட்டார்:

"நீ எப்ப பாத்தே?"

"காலையில."

"அப்பளம் பொரிச்சது அதுக்குத்தானா?"

"ஆமா."

பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய இரண்டு பாதங்களைத் தெய்வநாயகி பார்த்தாள். ஜெயித்தாகிவிட்டது, சிரிக்கலாம். சிரிப்புதான் வந்து தொலையவில்லை. அது அவளுக்குப் பெரிய பேஜாராக இருந்தது. தோற்பதென்றால் இந்த மனுஷன் ஸ்டேஷனைச் சரியாகக் கட்டிவிட்டு, அண்ணன் வேண்டுமென்றே குறை சொல்லித் தோற்க வேண்டும். அப்படி ஜெயித்தால் வாய் நிறையச் சண்டை போடலாம். இது அவரை அவர் கையே தோற்கடித்தது. இதில் அவளுக்கு என்ன பெருமை?

"எழுந்து வாங்க" என்றாள். "கல்யாணத்துக்கு முன்னால எட்டு வருஷம் நான் தறியில உட்கார்ந்தவ. தறியில ஓடறப்ப நல்ல பக்கத்தை எப்படிப் பாப்போம்?"

"கீழ கண்ணாடி பிடிச்சி."

சொன்னவருக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு எழுந்த வேகத்தில் பலகையில் தலையை இடித்துக்கொண்டார். கூட்ஸ் ஷெட் ஓரமாக நின்றிருந்த மாட்டுவண்டி சாய்ந்தது.

முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினாள். அதற்குள் ஒரு சாண் அளவுக்கு ஆரணி ரோடு தெரிந்தது. கவுண்டர் சோத்தாங்கை பக்கம். சரியாக.

"இது பத்தாது, நாயகி. முழுசாத் தெரியணும்."

"முழுசாத் தெரியணும்னா என் பீரோதான் வரணும்."

"நீயே சொல்லிட்டே."

"சொல்லித் தொலைச்சிட்டேன்."

ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சேலைகளை எல்லாம் கட்டில்மேல் குவித்துவிட்டு, பீரோவின் காலுக்குக் கீழே ஈரச் சாக்கைப் போட்டு, இருவருமாகத் தள்ளினார்கள். கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ அது. கண்ணாடியில் பெயர்ப் பலகை இடம் வலம் மாறிய எழுத்தாகத் தெரிந்தது. பலராமன் பத்தே நிமிஷத்தில் 'ஆரணி ரோடு' என்பதை வலமிருந்து இடமாக எழுதி ஒட்டினார். கல்யாணப் பெண்களின் பெயரைச் சேலையில் நெய்யக் கொடுத்துப் பழகிய கை, எழுத்துப் பிசகவில்லை.

பத்து மணிக்குத் தணிகாசலம் வந்தார். ஆள் கதவளவு இருப்பார். குரல் அதைவிடப் பெரிது.

"இன்னாம்மா தெய்வா, பீரோ நடு ரூம்ல நிக்குது? வீடு மாத்தறீங்களா?"

"உட்காருண்ணே. இந்த ஸ்டூல்ல. பீரோவைப் பாத்த மாதிரி. பின்னால திரும்பக் கூடாது."

"முடி வெட்டப் போறீங்களா, மச்சான்?"

"ரெகுலேட்டரைப் பிடிங்க, மச்சான். கண்ணாடியைப் பாத்துகினே ஓட்டுங்க" என்றார் பலராமன்.

தணிகாசலம் கண்ணாடிக்குள் பார்த்தார். முதலில் தன் தலையைத்தான் பார்த்தார். தலையைச் சாய்த்தார்.

"அட... அட! இது நம்ம ஆரணி ரோடு! குழாயடி... கூட்ஸ் ஷெட்... இன்னாய்யா, கக்கூஸ் செவுத்துல பெயர்ந்த காரைகூட இருக்குது!"

தெய்வநாயகி சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போச்சு, ரூம் போச்சு.

தணிகாசலம் ரெகுலேட்டரைத் திருகினார். நீல இஞ்சின் உறுமிக்கொண்டு நகர்ந்தது.

"கேட்டு வருது. ஹாரன் எங்க?"

"பாஆஆம்" என்றார் பலராமன் வாயால்.

"நீளமா அடிங்க மச்சான், மாடு நிக்குது."

"பாஆஆஆஆம்!"

ஏழெட்டுச் சுற்று ஓடியது. காப்பி ஆறியது. தணிகாசலம் வண்டியைப் பிளாட்பாரத்தில் மெதுவாகக் கொண்டுவந்து, அந்தக் குண்டுப் பெண்மணிக்கு நேராக நிறுத்தினார். பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்க் கண்ணை இடுக்கிக்கொண்டார்.

"மச்சான், உங்க டிரைவர் ஏன் அசிஸ்டென்ட் சீட்ல உட்கார்ந்துகினு இருக்கான்?"

"இன்னாது?"

"பதினெட்டு வருஷமா நான் உட்கார்ற சீட்டு எனக்குத் தெரியாதா? நாங்க பீச்சாங்கை பக்கம். இவன் சோத்தாங்கை பக்கம் இருக்கான். இஞ்சின் நம்பர் வேற திரும்பி இருக்குது."

சொல்லிவிட்டு, கூடாது என்று சொன்னதையும் மறந்து பின்னால் திரும்பினார். இஞ்சின் சரியாக இருந்தது; ஸ்டேஷன் கை மாறியிருந்தது. கண்ணாடியைப் பார்த்தார்: ஸ்டேஷன் சரி, இஞ்சின் மாறி. மறுபடி பலகை. மறுபடி கண்ணாடி. பலராமன் தலையைக் குனிந்துகொண்டு கிராஃப் தாள் கதையைச் சொன்னார். ஸ்டூல் முனகும்படி தணிகாசலம் சிரித்தார்.

"ஸ்டேஷனைக் கிராஃப்ல போட்டீங்க, கை திருப்பிடுச்சி. இஞ்சினை எதைப் பாத்துச் செஞ்சீங்க?"

"போட்டோவை."

"அதான் இஞ்சின் மட்டும் தப்பிச்சிருக்குது!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு தெய்வநாயகி பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, நான் இன்னா சொல்லணும்னு கேட்டே?"

"அது உங்க ஸ்டேஷனா இல்லையான்னு."

"ஸ்டேஷன் எங்க ஸ்டேஷன்தான்மா. கண்ணாடியில பாத்தா இன்னா, கிணத்துல பாத்தா இன்னா? எனக்கு வண்டியை நிறுத்தணும்னு தோணிச்சே, அது போதும்."

தெய்வநாயகி வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல் சொல்தான். உள்ளே போய்ப் பருப்பைக் கடைந்தாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக. மூன்று பேரும் சாப்பிட்டார்கள். தணிகாசலம் இன்னும் நாலு சுற்று ஓட்டிவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பினார்.

அவர் போனதும் வீடு சத்தமில்லாமல் இருந்தது. ஜெயித்தவர் ரயிலை ஓட்டிக் கொண்டாடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். ரயில் சத்தம் வரவில்லை. திருப்புளிச் சத்தம் வந்தது.

எட்டிப் பார்த்தாள். பலராமன் பீரோவுக்கும் பலகைக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பாதிப் பிளாட்பாரம்.

"இன்னா பண்றீங்க?"

"கழட்டறேன்."

"ஜெயிச்சிட்டீங்களே!"

"இன்னா ஜெயிச்சேன்? ஸ்டேஷன் சரியா இருந்தா இஞ்சின் தப்பா இருக்குது. இஞ்சின் சரியா இருந்தா ஸ்டேஷன் தப்பா இருக்குது. இதை எப்படி வெச்சிகினு இருக்கிறது? நீயே சொல்லு. உள்ளது உள்ளபடி இருக்க வேணாமா? முதல்லேர்ந்து போடணும். இந்த வாட்டி கிராஃப் தாளையே தொட மாட்டேன். வெள்ளைத் தாள்தான்."

தெய்வநாயகி கதவில் சாய்ந்துகொண்டாள். யோசிக்க அவளுக்கு நேரம் தேவைப்படவில்லை.

"இங்கியே வெச்சா பிரிப்பீங்க? ஜன்னல்ல காத்து அடிக்குது, ஜல்லி எல்லாம் பறக்கும். மலை மறுபடி ஊறணும், கஞ்சி வழியும்."

"ஆமா."

"பின்னால அட்டை அடிக்கிற ரூம்ல தரை காலியாத்தானே கிடக்குது. உங்க சாமானும் அங்கதான் இருக்குது."

"அதுவும் சரிதான். அங்க இன்னும் வசதி."

"எத்தினி நாள் ஆவும்?"

"ரெண்டு மாசம். மிஞ்சிப்போனா."

போன தடவையும் அவர் சொன்னது ரெண்டு மாசம்தான். அவள் அதை ஞாபகப்படுத்தவில்லை.

"சரி, அதுவரைக்கும் ரூம் சும்மாக் கிடக்கும். என் மிஷினை இங்க கொண்டாந்து வெச்சிக்கட்டா?"

"வெச்சிக்க, வெச்சிக்க. அந்தத் திருப்புளியைக் கொஞ்சம் எடு."

சாயங்காலம் நாலரைக்கெல்லாம் மிஷின் ஜன்னலோரம் வந்துவிட்டது. பலகையை இருவருமாகத் தூக்கிப் பின்னால் கொண்டுபோனார்கள். குண்டுப் பெண்மணியைத் தெய்வநாயகி தன் கையாலேயே எடுத்துப் போனாள். பீரோவைத் திரும்பத் தள்ளுவதற்கு மட்டும் இரண்டு பேருக்கும் தெம்பில்லை. அது அங்கேயே நின்றது. மறுநாள் ஜாக்கெட் போட்டுப் பார்க்க வந்த கலையரசி டீச்சர், ஆளுயரக் கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இப்பத்தான்க்கா இது கடை மாதிரி இருக்குது" என்றாள். அந்த வாரமே மூன்று தோழிகளை அனுப்பினாள்.

தீபாவளி போனது, பொங்கல் போனது. பின்னால் வெள்ளைத் தாளில் மூன்றாவது வரைபடம் நடந்துகொண்டிருந்தது. இந்த முறை போர்ட்டருக்கும் ஒரு பொம்மை உண்டாம். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் ஆசையோடு வந்து முன்ரூமுக்குள் தலையை நீட்டினார். தெருவெளிச்சத்தில் ஐந்தாறு ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. தெய்வநாயகி ஒரு கருநீலத் துணியில் கருநீல நூலைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, வண்டி எங்க? எப்ப விடறீங்க?"

தெய்வநாயகி மிஷினை நிறுத்தாமலேயே சொன்னாள்:

"லைன்ல வேலை நடக்குதுண்ணே. அவசரமா காட்பாடி போறவங்க கண்ணமங்கலம் வழியா பஸ்ல போங்க."